கிளிப்போர்டுக்கு நினைவு வந்தால்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்துக்குத் திருமண அழைப்பிதழ் வேலை வந்தால், தட்டச்சு செய்பவர் ஒரே தாளுக்குள் மூன்று மொழிகளில் புழங்க வேண்டும். மணமக்கள் பெயரும் பெற்றோர் பெயரும் தமிழில். மண்டபத்தின் முகவரி ‘ஜாலான்’, ‘தாமான்’ என்று மலாயில். நண்பர்களுக்காக ஓர் ஆங்கிலப் பக்கம். கிள்ளானில் கோயில் திருவிழா அறிக்கை அடிப்பவருக்கும், தமிழ்ப்பள்ளியில் வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியருக்கும், பெர்னாமா செய்தி நிறுவனத்தின் மலாய்ச் செய்தியைத் தமிழாக்கும் உதவியாசிரியருக்கும் இதே நிலைதான். புதிதாக எழுதும் நேரம் கொஞ்சம். ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் ஒட்டும் நேரமே அதிகம்.

அந்த வேலையில் எல்லாரும் அனுபவித்த ஓர் எரிச்சல் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய முகவரியை நகலெடுத்தாயிற்று. ஒட்டுவதற்குள் கைமறதியாக ஒரு தொலைபேசி எண்ணையும் நகலெடுத்துவிட்டால், முகவரி போய்விடும். கணினி எச்சரிக்காது, கேள்வி கேட்காது. மறுபடியும் வாட்ஸ்அப்பைத் திறந்து, நூறு செய்திகளுக்கு மேலே போய்த் தேட வேண்டும்.

இதற்கான தீர்வு விண்டோஸ் கணினிகளுக்குள்ளேயே 2018 அக்டோபரில் வந்த பதிப்பு முதல் இருக்கிறது. கண்ட்ரோல் விசைக்குப் பதிலாக விண்டோஸ் விசையோடு ‘வி’ எழுத்தை அழுத்தினால் ஒரு சிறு பலகை திறக்கும். முதல் முறை என்றால், நகலெடுத்தவற்றின் வரலாற்றைச் சேமிக்கத் தொடங்கலாமா என்று கேட்கும். ஒப்புக்கொண்டபின், நகலெடுத்த கடைசி 25 உருப்படிகள் அதில் வரிசையாக நிற்கும். வேண்டியதைச் சொடுக்கினால் தட்டச்சுக் குறி நிற்கும் இடத்தில் வந்து விழும்.

இவ்வளவு எளிய வசதி ஏன் இத்தனை தாமதமாக வந்தது, ஏன் இன்றும் பயனர் கேட்டால்தான் தொடங்குகிறது? நகலெடுத்ததைத் தற்காலிகமாக வைத்திருக்கும் கிளிப்போர்டின் மறதி ஒரு குறையாக நமக்குத் தோன்றினாலும், அதை உருவாக்கியவர்கள் அறிந்தே வைத்த மறதி அது. அதற்கு நினைவாற்றல் கொடுக்கும்போது, எதை நினைவில் வைப்பது என்ற பொறுப்பு இயந்திரத்திடமிருந்து நம்மிடம் வந்துவிடுகிறது.

ஒன்றே ஒன்று ஏன்?

வெட்டி ஒட்டும் வழக்கம் கணினிக்கு முந்தியது. பதிப்பகங்களில் கத்தரியும் பசையும் வைத்துக்கொண்டு பத்திகளை இடம் மாற்றுவார்கள். அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் 1974-75இல் ‘ஜிப்சி’ என்ற சொல்செயலியை உருவாக்கியபோது, அதன் பயனர்களாக அவர்கள் மனத்தில் வைத்தது கணினி வல்லுநர்களை அல்ல. கின் என்ற பாடநூல் பதிப்பகத்தின் ஆசிரியர் குழுவைத்தான். தாளில் செய்வதைத் திரையிலும் அப்படியே செய்ய முடிந்தால் புதிதாகக் கற்க எதுவும் இருக்காது என்பது அவர்கள் எண்ணம். உரையைத் தேர்ந்தெடு, வெட்டு அல்லது நகலெடு, இன்னோரிடத்தில் ஒட்டு. டெஸ்லர் பின்னர் ஆப்பிளுக்குப் போனார். 1983இல் வந்த லிசாவும் 1984இல் வந்த மெக்கின்டோஷும் இந்தப் பழக்கத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தன. எக்ஸ், சி, வி என்று அடுத்தடுத்து இருக்கும் மூன்று விசைகள் அன்றுமுதல் இந்த வேலைக்கே ஆயின. டெஸ்லர் 2020 பிப்ரவரியில் தம் 74ஆம் வயதில் காலமானார்.

அந்தக் கிளிப்போர்டில் ஒரே ஓர் இடம்தான். முதல் மெக்கின்டோஷின் மொத்த நினைவகமே 128 கிலோபைட். இன்றைய விண்டோஸ் வரலாறு ஓர் உருப்படிக்கு 4 மெகாபைட் வரை, 25 உருப்படிகளை வைத்துக்கொள்கிறது. முழுக்க நிரம்பினால் 100 மெகாபைட். அதாவது அந்தக் கணினியின் நினைவகத்தைப்போல் 800 மடங்கு.

இடப்பற்றாக்குறை மட்டும் காரணமல்ல. ஒரே ஓர் இடம் என்றால் பயனர் நினைவில் கொள்ள வேண்டியதும் ஒன்றே: ‘கடைசியாக எடுத்தது எதுவோ, அதுவே வரும்.’ இந்த உறுதிதான் கண்ட்ரோல்-வியைத் திரையைக்கூடப் பார்க்காமல் அழுத்த வைக்கிறது. பல துண்டுகள் வேண்டியவர்களுக்கு மெக்கின்டோஷிலேயே ‘ஸ்கிராப்புக்’ என்ற தனிக் கருவி இருந்தது. நிரலாளர்கள் பயன்படுத்தும் ஈமாக்ஸ் தொகுப்பி, வெட்டிய துண்டுகளை வளையம்போல் அடுக்கிவைத்து ஒவ்வொன்றாக எடுக்கும் வழியை முன்பே வைத்திருந்தது. அதன் வழக்கமான கொள்ளளவு நெடுங்காலம் 60. மைக்ரோசாப்ட் ஆபீஸ் 2000இல் 12 துண்டுகளும் அடுத்த பதிப்பில் 24 துண்டுகளும் சேர்த்துவைக்க முடிந்தது. ஆனால் அது ஆபீஸ் சார்ந்த வசதி. விண்டோஸ் இயங்குதளத்தின் வசதியாக ஆக 2018 ஆயிற்று. ஆப்பிளின் மேக் இயங்குதளம் இன்னும் பின்தங்கி, 2025இல் வந்த டஹோ பதிப்பில்தான் இதைச் சேர்த்தது.

நகலெடுக்கும் கணத்தில்

கிளிப்போர்டு ஒரு பெட்டி என்றும், நாம் நகலெடுத்தது அதில் போய் உட்காருகிறது என்றும்தான் பெரும்பாலோர் நினைக்கிறோம். நடப்பது சற்றே வேறு. வேர்டில் ஒரு பத்தியைத் தேர்ந்து கண்ட்ரோல்-சி அழுத்தினால், வேர்டு அந்தப் பத்தியைப் பல வடிவங்களில் கிளிப்போர்டிடம் ஒப்படைக்கிறது: எழுத்துரு, நிறம், அளவு எல்லாம் உள்ள வடிவம் ஒன்று, வலைப்பக்கங்களுக்குரிய வடிவம் ஒன்று, அலங்காரம் எதுவுமில்லாத வெறும் எழுத்து ஒன்று. ஒட்டும் இடத்தில் உள்ள செயலி, இவற்றில் தனக்குப் புரிகிற வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் ஒரே நகல் வேர்டில் தடித்த சிவப்பு எழுத்தாகவும் நோட்பேடில் சாதா எழுத்தாகவும் விழுகிறது. பல செயலிகளில் கண்ட்ரோல், ஷிப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அலங்காரத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் ஒட்டும்.

சில சமயம் ஒப்படைப்புகூட உடனே நடப்பதில்லை. பெரிய அட்டவணையை நகலெடுத்தால், ‘இந்த வடிவம் என்னிடம் உண்டு, யாராவது கேட்டால் தருகிறேன்’ என்ற உறுதிமொழியை மட்டும் செயலி பதிவுசெய்யும். பணத்துக்குப் பதில் காசோலை கைமாறுவது மாதிரி. எக்செல்லை மூடும்போது, கிளிப்போர்டில் நிறையத் தகவல் இருக்கிறது, வைத்துக்கொள்ளவா என்று கேட்ட செய்தியைச் சிலர் பார்த்திருப்பார்கள். உறுதிமொழி கொடுத்த செயலி வெளியேறப் போகிறது. அதற்குமுன் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தீர்க்கவா என்பதே அந்தக் கேள்வி.

வரலாற்றைச் சேமிக்கும் நிரல் இந்தக் கைமாற்றத்தை ஓரமாக நின்று கவனிக்கிறது. விண்டோஸில், கிளிப்போர்டின் உள்ளடக்கம் மாறும்போதெல்லாம், பதிவுசெய்துகொண்ட நிரல்களுக்கு அறிவிப்புப் போகும். அறிவிப்பு வந்ததும் வரலாற்று நிரல் தனக்கென ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளும். மேக்கில் இயங்கிய தனியார் கருவிகளுக்கு இந்த அறிவிப்பு கிடையாது. மாற்றங்களை எண்ணும் ஓர் எண் மட்டும் உண்டு. அந்த எண் கூடியிருக்கிறதா என்று நொடிக்கு ஓரிரு முறை எட்டிப் பார்த்தே அவை காலம் தள்ளின.

விண்டோஸ் வரலாறு எழுத்தையும் வலைவடிவ உரையையும் படங்களையும் ஏற்கும். கோப்பு ஒன்றை நகலெடுத்தால் அது வரலாற்றில் சேராது. 26ஆவது உருப்படி வந்தால் ஆகப் பழையது வெளியேறும். மறுதொடக்கம் செய்தால் பட்டியல் காலியாகும். ஊசி படத்தைச் சொடுக்கிக் குத்திவைத்தவை மட்டும் இரண்டுக்கும் தப்பும்.

தமிழ் ஒட்டிக்கொண்ட கதை

படங்களை விட்டுவிட்டால் கிளிப்போர்டில் கைமாறுபவை எழுத்தின் உருவங்கள் அல்ல, எண்கள். இந்த உண்மை ஆங்கிலம் மட்டும் அடிப்பவர்களுக்குத் தெரியாமலே போகலாம். தமிழ் அடிப்பவர்களுக்கு 20 ஆண்டுகளுக்குமேல் இது அன்றாடத் தலைவலி.

கணினியில் தமிழ் தொடங்கிய காலத்தில், எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை ஒவ்வொரு எழுத்துருவும் தன்னிஷ்டப்படி வைத்துக்கொண்டது. இலங்கைத் தமிழரிடையே பரவிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் உருவங்களை வரைந்துவைத்தது. அதில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினியைப் பொறுத்தவரை நீங்கள் அடித்தது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. வேர்டிலிருந்து வேர்டுக்கு ஒட்டினால் எழுத்துருவின் பெயரும் கூடவே போவதால் தமிழாகத் தெரியும். அதையே மின்னஞ்சலிலோ நோட்பேடிலோ ஒட்டினால் எண்கள் மட்டுமே போய்ச் சேரும்; படிப்பவர் கண்ணுக்கு அர்த்தமற்ற ஆங்கிலக் கோவை.

மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருளும், இணையம் வந்தபின் பரவிய முரசு அஞ்சலும் இந்தச் சூழலில் வளர்ந்தவை. ஆளுக்கொரு குறியீடு என்ற நிலை மாற வேண்டும் என்ற பேச்சு 1997இல் சிங்கப்பூரில் கூடிய மாநாட்டிலும் 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டிலும் வலுத்தது. இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டை அமைத்தார்கள். தமிழக அரசு டாப், டாம் என்று இரண்டைத் தரப்படுத்தியது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூருக்கே வந்தது. 1991 முதலே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்த யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீடு, விண்டோஸ் 2000க்குப் பிறகு மெல்ல மெல்ல எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது.

மாற்றம் எண்களில் மட்டும் நிகழவில்லை, வரிசையிலும் நிகழ்ந்தது. டிஸ்கி கண்ணுக்குத் தெரிகிற வரிசையைப் பின்பற்றியது. ‘கெ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம். யூனிகோடு ஒலிக்கிற வரிசையைப் பின்பற்றுகிறது: முதலில் ககரம், பிறகு எகரக் குறி, கொம்பை முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது எழுத்துருவின் வேலை. எனவே பழைய கோப்பை யூனிகோடாக்கும் மாற்றி, எண்ணுக்கு எண் வைப்பதோடு நிற்காமல் வரிசையையும் திருத்த வேண்டும்.

இன்று ‘கிள்ளான்’ என்று நகலெடுத்தால் கண்ணுக்கு நான்கு எழுத்து. கிளிப்போர்டுக்கு அது எட்டு எண்: க, இகரக் குறி, ள, புள்ளி, ள, கால், ன, புள்ளி. விண்டோஸ் கிளிப்போர்டில் ஓர் எண்ணுக்கு இரண்டு பைட் என 16 பைட். ஓர் உருப்படிக்கு 4 மெகாபைட் இருப்பதால் இந்தக் கணக்கில் பெரிய நாவல்கூட ஒரே நகலில் அடங்கிவிடும்.

பழைய எழுத்துருவில் அமைத்த கோப்புகளோடு மல்லாடும் அச்சகத்தாருக்கு வரலாற்றுப் பலகை ஒரு சோதனைக் கருவியாகவும் உதவும். அந்தப் பலகை எழுத்துருப் பெயரைக் கண்டுகொள்ளாமல், வெறும் எழுத்தைக் கணினியின் சொந்த எழுத்துருவில் காட்டுகிறது. சந்தேகமான கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து விண்டோஸ்-வி அழுத்துங்கள். தமிழாகவே தெரிந்தால் யூனிகோடு. ஆங்கிலக் கோவையாகத் தெரிந்தால் பாமினி வகை. தலைமேல் கோடும் புள்ளியும் சுமந்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் டிஸ்கி, டாப் போன்ற எட்டு பிட் குறியீடு. அந்த எண்களை விண்டோஸ் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளாகப் புரிந்துகொண்டதன் விளைவு அது. எந்த மாற்றியைத் தேடுவது என்பது இரண்டு நொடியில் தெரிந்துவிடும்.

ஊசி குத்தவேண்டியவை

மும்மொழித் தட்டச்சில் நேரத்தைத் தின்பது எழுத்துகளின் எண்ணிக்கை அல்ல, விசைப்பலகை மாற்றம். தமிழ் வரிக்கு நடுவே ஒரு மலாய் முகவரி வந்தால், தமிழ்99 விசைமுறையிலிருந்தோ அஞ்சல் விசைமுறையிலிருந்தோ ஆங்கில விசைக்குப் போய்த் திரும்ப வேண்டும். மறந்துபோய் அடித்தால் அரை வரியை அழிக்க வேண்டும். வரலாற்றுப் பலகைக்கு மொழி பேதம் இல்லை. தமிழ், மலாய், ஆங்கிலம், படம் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும்; விசைப்பலகையை மாற்றாமலே எடுக்கலாம்.

எனவே அடிக்கடி வருபவற்றைக் குத்திவையுங்கள். அச்சகத்துக்கு ‘இறைவன் திருவருளால்’ என்று தொடங்கும் அழைப்பிதழ் வாசகமும், வழக்கமான மண்டபங்களின் முகவரிகளும். ஆசிரியருக்குப் பள்ளியின் முழுப்பெயரும் வினாத்தாளின் தலைப்பகுதியும். செய்தியாளருக்கு அமைச்சுகளின் தமிழ்ப் பெயர்கள், டான்ஸ்ரீ, டத்தோஸ்ரீ என்று தொடரும் விருதுப் பெயர்களோடு கூடிய தலைவர்களின் முழுப்பெயர்கள். இவ்வகைப் பெயர்களில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தாலும் மறுநாள் தொலைபேசி ஒலிக்கும். ஒருமுறை சரிபார்த்துக் குத்திவைத்தால் பிழைக்கு வழியில்லை.

இடம் மாற்றும் வேலையிலும் பழக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். ஒன்றை எடு, சாளரம் மாறு, ஒட்டு, திரும்பி வா என்று அலைவதற்குப் பதில், வாட்ஸ்அப்பிலிருந்து பெயர், நாள், நேரம், முகவரி, எண் என ஐந்தையும் வரிசையாக நகலெடுத்துவிட்டு, வடிவமைப்புக் கோப்புக்கு ஒரே முறை போய் ஐந்தையும் ஒட்டலாம்.

பன்னிரண்டு இலக்கங்கள்

இனி மறுபக்கம். அதே அச்சகத்துக்கு ஒருவர் விண்ணப்பப் படிவம் நிரப்ப வருகிறார். மைகார்டு அடையாள அட்டை எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். கடைக்காரர் நகலெடுத்துப் படிவத்தில் ஒட்டுகிறார். அந்த 12 இலக்கங்கள் வெறும் வரிசை எண் அல்ல. முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம்: சிலாங்கூருக்கு 10, கோலாலம்பூருக்கு 14. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அந்த எண்ணைப் பார்த்த யாரும் பெயர் தெரியாமலே ஒருவரைப் பற்றி இவ்வளவும் அறியலாம்.

பழைய கிளிப்போர்டில் அடுத்த நகலோடு அந்த எண் அழிந்தது. வரலாறு இயங்கும் கணினியில் அது இன்னும் 25 நகல்கள் வரை நிற்கும். இரவில் கணினியை நிறுத்தாமல் உறங்கவைக்கும் கடை என்றால் மறுநாளும் நிற்கும். அடுத்து வந்து அமரும் எவரும் விண்டோஸ்-வி அழுத்திப் பார்க்கலாம்; தனியாக எந்தக் கடவுச்சொல்லும் கேட்காது. வரலாறு படங்களையும் ஏற்பதால், நகலெடுத்த டூயிட்நவ் பணப்பரிமாற்ற ரசீதின் திரைப்பிடிப்பும் அங்கே இருக்கும். சாதனங்களுக்கிடையே ஒத்திசைக்கும் வசதியையும் திறந்துவிட்டிருந்தால், அதே கணக்கில் இயங்கும் வீட்டுக் கணினிக்கும் அது போகக்கூடும்.

கடவுச்சொற்களைப் பாதுகாக்கும் செயலிகளுக்கு விண்டோஸ் ஒரு வழி வைத்திருக்கிறது: நகலோடு ‘இதை வரலாற்றில் சேர்க்க வேண்டாம்’ என்ற குறிப்பையும் அவை அனுப்பலாம். நோட்பேடிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதிவைத்த கடவுச்சொல்லை நகலெடுத்தால் அந்தக் குறிப்பு இருக்காது; மற்றவற்றோடு அதுவும் பட்டியலில் ஏறும்.

கைபேசியில் இந்தக் கதை இன்னும் வெளிப்படையாக நடந்தது. 2020 மார்ச்சில் தலால் ஹாஜ் பக்ரி, டாமி மிஸ்க் என்ற இரு நிரலாளர்கள், பிரபலமான ஐபோன் செயலிகள் பல பயனருக்குத் தெரியாமல் கிளிப்போர்டைப் படிப்பதைக் காட்டினார்கள். டிக்டாக்கும் அவற்றில் ஒன்று. அந்த ஆண்டே வந்த ஐஓஎஸ் 14, ஒரு செயலி கிளிப்போர்டைப் படித்ததும் திரையில் அறிவிப்புக் காட்டத் தொடங்கியது. ஆண்ட்ராய்டு அதற்கு முந்தைய ஆண்டே பின்னணியில் இயங்கும் செயலிகளுக்குக் கதவைச் சாத்திவிட்டது. கணினிகளில் உலவும் ஒருவகைத் தீநிரல் படிப்பதோடு நிற்பதில்லை. மறைநாணயக் கணக்கு முகவரி நகலாவதைக் கண்டதும், திருடனின் முகவரியை அதன் இடத்தில் வைத்துவிடுகிறது. நீண்ட முகவரியை யாரும் எழுத்தெண்ணிப் பார்ப்பதில்லை என்பதே அதன் நம்பிக்கை. பணம் அனுப்பும் எண் எதுவானாலும் ஒட்டியபின் தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை குத்திவைக்காத நகலை ஒரு மணி நேரத்தில் அழிக்கிறது. மேக் வழக்கமாக எட்டு மணி நேரம் வைத்திருக்கிறது. விண்டோஸ் மறுதொடக்கம் வரை. எவ்வளவு நேரம் நினைப்பது என்பதில் நிறுவனங்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஒரு கட்டத்தில் மறக்க வேண்டும் என்பதில் மட்டும் ஒற்றுமை. மலேசியச் சட்டமும் அதையே சொல்கிறது. 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, வணிகத்தில் பெற்ற தனிநபர் தகவலைத் தேவை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது என்பதை அதன் கோட்பாடுகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. படிவம் அச்சானதும் அந்த 12 இலக்கங்களின் தேவை முடிந்தது.

இதற்குச் செய்யவேண்டியது பெரிதல்ல. வாடிக்கையாளர் போனதும் விண்டோஸ்-வி அழுத்தி ‘எல்லாவற்றையும் அழி’ என்பதைச் சொடுக்கினால் போதும். குத்திவைத்தவை அப்படியே இருக்கும். அதனால்தான் ஊசி குத்துவதிலும் கவனம் வேண்டும். முகவரி, வாசகம், விருதுப் பெயர் ஆகியவற்றுக்கு ஊசி; மைகார்டு எண், வங்கிக் கணக்கு எண், கடவுச்சொல் ஆகியவற்றுக்கு ஒருபோதும் கூடாது. பலர் பயன்படுத்தும் கணினியில் ஒத்திசைவை மூடிவிடுங்கள். பொதுக் கணினியில் உங்கள் எண்ணை நகலெடுக்க நேர்ந்தால், எழும் முன் நீங்களே ஒருமுறை அழித்துவிடுங்கள். கிளிப்போர்டுக்கு எல்லாம் எண்கள்தான். டான்ஸ்ரீ ஒருவரின் முழுப்பெயரையும் பக்கத்து வீட்டுக்காரரின் அடையாள எண்ணையும் அது ஒரே மரியாதையோடு சேமிக்கும். இரண்டையும் பிரித்தறியக்கூடியவர், நகலெடுத்தவர் ஒருவர்தான்.